'குட் மார்னிங்' மெசேஜை அழிக்கும் முன்: உங்கள் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னதான் நடக்கிறது?

காலை 5.40. பெங்களூரிலோ புனேவிலோ குருகிராமிலோ நீங்கள் இன்னும் போர்வைக்குள் இருக்கிறீர்கள். போன் ஒருமுறை அதிர்கிறது. எடுத்துப் பார்த்தால் அப்பா. ஒரு ரோஜாப்பூ, பின்னால் சூரியன், பக்கத்தில் ஆவி பறக்கும் காபி, மேலே மின்னும் எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. நேற்றும் இதே நேரத்துக்கு இதே மாதிரி ஒன்று வந்தது. "இவருக்கு வேற வேலையே இல்லையா" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறீர்கள்.

அதே படத்தை அப்பா இன்னோர் இடத்துக்கும் அனுப்பியிருக்கிறார். அவரோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்த முப்பது பேர் இருக்கும் குரூப். அங்கே அதற்குக் கிடைக்கும் வரவேற்பே வேறு. ஆறு மணிக்குள் பதினைந்து கும்பிடு, நான்கு காபி கோப்பை, ஒரு பிள்ளையார். "என்னடா, இன்னிக்கு பத்து நிமிஷம் லேட்டு?" என்று ஒருவர் கேட்கிறார். "பால் வரலடா, காபி குடிக்காம கையே ஓடல" என்று அப்பா பதில் போடுகிறார்.

உங்களுக்கு வந்ததும் அங்கே போனதும் ஒரே படம்தான். உங்களுக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்கு ஏன் அப்படித் தெரிவதில்லை? அறுபது வயதைத் தாண்டியவர்களின் இந்த ஆன்லைன் அரட்டையில் என்ன இருக்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

வாட்ஸ்அப் 2009-ல் தொடங்கப்பட்டது. ஆனால் நம் பெற்றோர் பெருமளவில் அதற்குள் வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதல் காரணம் நீங்கள்தான். நீங்கள் புது போன் வாங்கியபோது பழையது வீட்டுக்குப் போனது. "வீடியோ கால் பேசலாம்பா" என்று சொல்லி வாட்ஸ்அப்பை நிறுவிக் கொடுத்ததும் நீங்களாகத்தான் இருக்கும். அடுத்து, 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்த பிறகு நாடு முழுக்க டேட்டா விலை சரிந்தது. படம் அனுப்பினால் காசு போய்விடுமோ என்ற பயம் போனது.

மூன்றாவது காரணம் எழுத்து. சின்னத் திரையில் தமிழில் டைப் அடிப்பது வயதானவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது. 2013-ல் வாட்ஸ்அப்பில் குரல் மெசேஜ் வந்தது. 2017-ல் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழ் உட்பட மேலும் பல இந்திய மொழிகளைச் சேர்த்தது. பேசினால் போதும், எழுத்து தானாக வரும். எழுதப் பொறுமை இல்லாதவர்களும் கண் மங்கலானவர்களும் இதற்குப் பிறகு சுலபமாக உள்ளே வந்தார்கள். இந்தியாவில் வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் 53 கோடி பேர் என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசு சொன்னது.

குட் மார்னிங் படங்களின் அளவு ஒரு கட்டத்தில் கூகுளையே யோசிக்க வைத்தது. இந்தியர்களின் போன்களில் ஏன் இடம் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அதன் பொறியாளர்கள் தேடியபோது, பூவும் சூரியனுமாக இந்தப் படங்கள்தான் குவிந்து கிடந்தன. 2018 ஜனவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதைச் செய்தியாக்கியது. 'குட் மார்னிங்' படங்களுக்கான கூகுள் தேடல் ஐந்து ஆண்டுகளில் பத்து மடங்கு கூடியதாகவும் அந்தச் செய்தி சொன்னது. கூகுள் 2017 டிசம்பரில் கொண்டுவந்த ஃபைல்ஸ் கோ செயலியில், இந்தப் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் வசதியும் சேர்ந்தது.

உலகமே அப்போது இதைக் கேட்டுச் சிரித்தது. அந்தப் படங்கள் எதற்காக அனுப்பப்படுகின்றன என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

அந்த மெசேஜில் செய்தி எங்கே?

செய்தி எதுவும் இல்லை. அதுதான் விஷயமே.

போலந்தில் பிறந்த மானுடவியலாளர் ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, 1923-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் பேசுவதில் ஒரு பகுதி தகவல் சொல்வதற்காக இல்லை, உறவை உயிரோடு வைத்திருப்பதற்காகத்தான் என்றார் அவர். சொல்லின் பொருளைவிட, அது சொல்லப்பட்டது என்பதே அங்கே முக்கியம்.

நமக்கு இது புதிதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறவரைப் பார்த்து, "என்ன, கடைக்கா?" என்று கேட்கிறோம். கடைக்குத்தான் போகிறார் என்று நமக்கே தெரியும். போனை எடுத்ததும் அம்மா கேட்கும் "சாப்ட்டியா?"வும் இந்த ரகம்தான். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அவர் குறித்து வைத்துக்கொள்ளப் போவதில்லை. 'நான் இருக்கேன், நீ இருக்கியா?' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

குட் மார்னிங் படமும் இதையேதான் செய்கிறது. இன்னும் சொன்னால், அது ஒரு வருகைப் பதிவு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் ஐயா" என்றார்களே, அதே ஆட்கள்தான் இப்போது தினமும் காலையில் ரோஜாப்பூ போடுகிறார்கள். ஒருநாள் ஒருவர் போடவில்லை என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டாம் நாளும் போடவில்லை என்றால், "டேய், எங்கடா ஆளக் காணோம்?" என்று குரூப்பில் ஒரு குரல் வரும். மூன்றாம் நாள் யாராவது போன் அடித்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டும் வருவார்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாகவோ இருவராகவோ வாழும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வாரம் இரண்டு தடவை போன் செய்கிறீர்கள். அந்தக் குரூப் தினமும் காலை ஆறு மணிக்கு எட்டிப் பார்க்கிறது.

குரூப்பில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பொதுவாக இதற்கு ஒரு கால அட்டவணை இருக்கும். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை வணக்கப் படங்கள், அன்றைய ராசிபலன், பஞ்சாங்கம். ஏழரைக்கு வாக்கிங் போன இடத்திலிருந்து ஒரு போட்டோ. பெரும்பாலும் கட்டைவிரல் பாதியை மறைத்திருக்கும். எட்டரைக்கு மேல் டிபன். "இன்னிக்கு எங்க வீட்ல அடை" என்று ஒருவர் படம் போட, "அவியல் எங்கடா?" என்று இன்னொருவர் கேட்பார். "சுகர் எவ்ளோ இருக்கு, அடை திங்கிற?" என்று மூன்றாமவர் வந்து சேருவார். அங்கிருந்து பேச்சு வெந்தயம், மாத்திரை, முட்டிவலி, டாக்டர் ஃபீஸ் என்று ஒரு சுற்று சுற்றும்.

மதியம் அமைதி, தூக்க நேரம். நாலு மணிக்குக் காபியோடு மறுபடி திறக்கும். அப்போதுதான் பழைய கதை வரும். ஹெட்மாஸ்டரின் பிரம்பு, கட் அடித்துப் பார்த்த சினிமா, யார் யாருக்குக் கடிதம் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள் என்ற விவகாரம். ஐம்பது தடவை சொன்ன கதைதான். ஐம்பத்தோராவது தடவையும் சிரிப்பார்கள். ராத்திரி பழைய பாட்டு ஒன்று, பேரப்பிள்ளையின் டான்ஸ் வீடியோ ஒன்று, ஒன்பதரைக்குக் குட் நைட் நிலா.

தினசரி அட்டவணை போலவே வருஷ அட்டவணையும் உண்டு. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களின் குரூப்பில் ஜனவரி, ஜூலைக்கான அகவிலைப்படி கணக்கு ஒரு பெரிய திருவிழா. அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆளுக்கொரு சதவீதம் சொல்வார்கள். நவம்பர் வந்தால் உயிர்வாழ்வுச் சான்றிதழ். 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று ஆண்டுதோறும் நிரூபித்தால்தான் பென்ஷன் தொடரும். 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 2014-ல் ஜீவன் பிரமான் என்ற டிஜிட்டல் முறை வந்தது. 2021-லிருந்து போன் கேமராவில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து முடித்துவிடலாம். இதைப் பலருக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தது வங்கியோ கருவூலமோ இல்லை, குரூப்பில் முதலில் செய்து பார்த்த ஒரு நண்பர்தான். "கண்ணாடியக் கழட்டு, வெளிச்சத்துல நில்லு, கண்ணச் சிமிட்டு, அவ்ளோதான்" என்று குரல் மெசேஜ் போட்டிருப்பார்.

குறைகளும் அங்கேதான் கொட்டப்படும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, அதாவது 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைப் பற்றிப் புலம்பாத சீனியர் சிட்டிசன் குரூப் இருந்தால் அதிசயம்.

திண்ணை எங்கே போனது?

இந்தப் பேச்செல்லாம் முன்பும் இருந்தது. நடந்த இடம்தான் வேறு. நம் ஊரில் திண்ணை, டீக்கடை பெஞ்சு, கோயில் மண்டபம். கொல்கத்தாவில் வீட்டு வாசலை ஒட்டிய 'ரோக்' என்ற மேடை. அங்கே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவதற்கு 'அட்டா' என்று பெயர். மும்பையில் 'கட்டா', குஜராத்தில் வீட்டு முகப்பில் 'ஓட்லா'. இந்தியா முழுக்க எந்த வேலையும் இல்லாமல் வந்து உட்கார ஓர் இடம் இருந்தது.

வீடு, வேலையிடம் இரண்டுக்கும் அப்பால் மனிதனுக்கு இப்படி ஒரு 'மூன்றாம் இடம்' தேவை என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் எழுதினார். அங்கே அழைப்பிதழ் வேண்டாம், செலவு அதிகம் இல்லை, யார் பெரியவர் யார் சிறியவர் என்ற கணக்கு இல்லை. பேச்சுதான் முக்கிய வேலை. படித்தால் நம் திண்ணையைப் பற்றியே எழுதியது போல இருக்கும்.

அந்த இடம் சுருங்கிப்போனதற்குப் பல காரணங்கள். திண்ணை இடிந்து கார் ஷெட் ஆனது. தெருவில் போக்குவரத்து பெருகியது. மகன் வீட்டோடு இருக்கலாம் என்று ஊரை விட்டு வந்த அப்பா, பதினான்காவது மாடியில் பால்கனியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் வருகிறவர்களிடம் பேச மொழி தெரியவில்லை.

பிலாய், ரூர்கேலா, நெய்வேலி மாதிரியான ஆலை நகரங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக உறைக்கும். முப்பது வருஷம் ஒரே தெருவில் கம்பெனி குவார்ட்டர்ஸ். பக்கத்து வீடு வங்காளி, எதிர்வீடு மலையாளி, பின்வீடு மராத்தி. பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தார்கள், தீபாவளிக்கும் துர்கா பூஜைக்கும் பலகாரம் கைமாறியது. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொருவராக லாரி ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போனார்கள். அந்தத் தெருவே இப்போது வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. பாதி ஆங்கிலம், பாதி இந்தி, இடையில் எல்லாருக்கும் புரியும் சில தமிழ் வார்த்தைகள். அந்தக் குரூப்பைத் தவிர அவர்கள் எல்லாரும் சேர்ந்திருக்க வேறு ஊர் கிடையாது.

அம்மாக்களின் குரூப் ஏன் கொஞ்சம் வேறு?

அப்பாக்கள் பலருக்கு நண்பர்கள் தொலைந்துபோகவில்லை, தூரமானார்கள். அம்மாக்களுக்கு அப்படியில்லை. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்குப் படிப்பு முடிந்த கையோடு, சிலருக்கு முடிவதற்கு முன்பே, கல்யாணம். ஊர் மாறியது. இனிஷியல் மாறியது. தோழியின் முகவரி எழுதிய டைரி பிறந்த வீட்டுப் பரணில் தங்கிவிட்டது. 'யாருக்கு இந்த லெட்டர்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத வீடுகளில் கடிதமும் நின்றது. அப்படியே முப்பது, நாற்பது வருஷம்.

பிறகு ஒருநாள், ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ யாரையோ பார்த்து, "நீ அந்த நாலாவது பெஞ்சு தானே?" என்று கேட்கிறார். நம்பர் வாங்கப்படுகிறது. இரண்டு பேர் நாலு பேராகிறார்கள், நாலு இருபதாகிறது. குரூப்புக்குப் பள்ளியின் பெயர் வைக்கப்படுகிறது. இந்தியாவின் எந்த ஊரிலும் இந்தக் கதையைக் கேட்கலாம்.

உங்கள் அம்மாவை இன்று யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் 'அம்மா'. உங்கள் மனைவியோ கணவரோ 'அத்தை'. அடுக்குமாடியில் 'ஆன்ட்டி'. பேரப்பிள்ளைக்குப் 'பாட்டி'. ஆஸ்பத்திரியில் 'மேடம்'. அவரைப் பெயர் சொல்லி, "ஏய், என்னடி பண்ற?" என்று கேட்க உரிமை உள்ளவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? பெற்றவர்கள் போய்விட்டார்கள். அக்கா இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்தக் குரூப்பில் இருக்கும் இருபது பேர்தான்.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து, ஹாலில் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாரே, அப்போது அவர் யாருக்கும் அம்மா இல்லை, மாமியார் இல்லை. எட்டாம் வகுப்பில் கோலப் போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணாக இருக்கிறார். "எப்பப் பாரு போன்" என்று அடுத்த தடவை சொல்வதற்கு முன் இதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை அவர் உங்களிடம் எத்தனை தடவை சொன்னார் என்பது வேறு கணக்கு.

வயதானால் நட்பு வட்டம் ஏன் சுருங்குகிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது: முன்னால் நிறையக் காலம் இருக்கிறது என்று நினைக்கும்போது மனிதர்கள் புதிய ஆட்களை, புதிய தகவல்களைத் தேடுகிறார்கள். காலம் குறைவு என்று உணரத் தொடங்கும்போது மனசுக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் லிங்க்ட்இன்னில் முகம் தெரியாதவர்களுக்கு வேண்டுகோள் அனுப்புவதும், அப்பா ஐந்தாம் வகுப்பு நண்பனைத் தேடிப் பிடிப்பதும் இந்த ஒரே விதியின் இரண்டு முனைகள்.

தானாக விரும்பிச் சுருக்கிக்கொள்வது ஒன்று. மரணம், நோய், இடமாற்றம் வந்து வட்டத்தை வெட்டுவது இன்னொன்று. இரண்டாவதுதான் தனிமை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025 ஜூனில் சொன்னது. இதய நோய், பக்கவாதம், மறதி, மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயத்தோடு தனிமைக்குத் தொடர்பு உண்டு என்றும் அது எச்சரித்தது.

இந்தியாவில் இந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போகும். 2022-ல் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 14.9 கோடி பேர். 2050-ல் அது 34.7 கோடியாகும், அதாவது ஐந்தில் ஒருவர் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை கணிக்கிறது. தமிழ்நாடு இதில் முன்னால் ஓடுகிறது. 2021-ல் மூத்தவர்களின் விகிதம் கேரளத்தில் 16.5 சதவீதம், அதற்கு அடுத்து தமிழ்நாட்டில் 13.6 சதவீதம்.

வாட்ஸ்அப் குரூப் இதற்கெல்லாம் மருந்து என்று சொல்ல முடியாது. ஸ்மார்ட்போனே இல்லாத முதியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். குரூப்பில் பேச்சே இல்லாமல் வெறும் ஃபார்வர்டு மட்டும் கொட்டினால் அதில் துணையும் கிடைக்காது. ஆனால் குரூப்பில் பேசிப் பேசி, ஒருநாள் "எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கலாம்டா" என்று பேச்சு வந்து, பழைய பள்ளிக்கூட வாசலில் முப்பது பேர் ஒரே கலர் சட்டையில் நின்று போட்டோ எடுக்கிறார்களே, அங்கே போய்ச் சேருகிற குரூப் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஒருவர் இல்லாமல் போகும்போது

இந்தக் குரூப்களில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அதிகாலையில் பூவுக்குப் பதில் ஒரு விளக்குப் படம் வந்தால் எல்லாருக்கும் நெஞ்சு பதறும். அன்று முழுக்க ஜோக் கிடையாது, பாட்டுக் கிடையாது. "போன வாரம்தான்டா பேசினான்" என்று ஒரே வரியைப் பலர் எழுதுவார்கள். இரண்டாம் நாள் யாராவது தயங்கித் தயங்கி ஒரு வெறும் கும்பிடு போடுவார்கள். மெல்ல மறுபடி தொடங்கும்.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு இழப்பு வந்தால், அந்தக் குரூப்புக்குச் சொல்ல மறந்துவிடாதீர்கள். உறவினர் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பது வருஷ நண்பனின் சாவுச் செய்தி பத்து நாள் கழித்து மூன்றாவது ஆள் மூலம் தெரிவது அவர்களுக்குப் பெரிய காயம். அந்த எண்ணைக் குரூப்பிலிருந்து உடனே நீக்கவும் அவசரப்பட வேண்டாம். பழைய குரல் மெசேஜ்களையும் போட்டோக்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். துண்டிக்கப்பட்ட செல்போன் எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அதற்குள் அந்த எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு விவரங்களையும் மாற்றிவிடுவது நல்லது.

எங்கே கவனம் தேவை?

நம்பிக்கைதான் இந்தக் குரூப்களின் பலம். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வதும் அதையே. நண்பனின் நம்பரிலிருந்து 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வருகிறது. அது உண்மையில் ஏ.பி.கே. என்று முடியும் ஒரு செயலி. தொட்டு நிறுவினால் போனின் கட்டுப்பாடு கைமாறிவிடலாம். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவது இன்னொரு வகை. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் சொன்னார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதியோருக்கான மற்ற உதவிகளுக்குத் தேசிய எண் 14567.

வதந்தி அடுத்த பிரச்சினை. வாட்ஸ்அப் 2018-ல் இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020-ல், ஏற்கெனவே பல கை மாறி வந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டும் என்று குறைத்தது. அப்படியும் வரும். அப்பா ஒரு தவறான வைத்தியக் குறிப்பை அனுப்பினால், குடும்ப குரூப்பில் எல்லார் முன்னாலும் "இது ஃபேக்" என்று எழுதாதீர்கள். தனியாகப் போன் செய்து சொல்லுங்கள். அவர் தன் நண்பர்கள் முன்னால் தானே திருத்திக்கொள்ள வழி கிடைக்கும். "என் பையன் விசாரிச்சுச் சொன்னான், இது உண்மை இல்லையாம்" என்று அவர் போடும் ஒரு வரிக்கு அந்தக் குரூப்பில் எந்த உண்மை கண்டறியும் இணையதளத்தையும்விட மதிப்பு அதிகம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் போனை வாங்கி, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவற்றைச் செய்து கொடுங்கள்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போனால் பலமுறை ஃபார்வர்டு ஆன படங்களையும் பெரிய வீடியோக்களையும் தனியாகப் பார்த்து அழிக்கலாம். எதை அழிக்கலாம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு அழியுங்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிகிற ஏதோ ஒரு மங்கலான படத்தில் இறந்துபோன நண்பர் இருக்கலாம்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். குரல்வழித் தமிழ்த் தட்டச்சைக் காட்டிக் கொடுங்கள். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு, அந்த ஆறு இலக்க எண்ணை டைரியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால், பங்குச்சந்தை ஆசை காட்டும் முன்பின் தெரியாத குரூப்களில் அவர்கள் சிக்குவது குறையும்.

முக்கியமான ஒன்று. புது போன் வாங்கிக் கொடுத்தால் பழைய சாட்களை பேக்கப் எடுத்து மாற்றிவிட்டுக் கொடுங்கள். நம்பர் மாறினால் குரூப் அட்மினுக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். எங்கே தொட்டு எப்படித் திரும்ப உள்ளே வருவது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே ஒதுங்கிப்போனவர்கள் பலர். பரிசு கொடுத்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவர் முப்பது பேரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லையென்றால், காலை 5.40-க்கு வரும் அந்த ரோஜாப்பூவுக்கு ஒரு பதில் போடுங்கள். எமோஜி போதும். முடிந்தால், "காபி ஆச்சாப்பா?" என்று நாலு எழுத்து சேர்த்துக்கொள்ளுங்கள். காபி ஆகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும்தான். இருந்தாலும் கேளுங்கள்.